ஒன்பதாவது எட்டு

எதிரே வருகிறவரின் முகத்தை அவர் முதலில் பார்த்து நான் கண்டதில்லை. காலைத்தான் பார்ப்பார். ஆள் கடந்து போன பிறகும் தலையைத் திருப்பி, பின்னாலிருந்து பத்து எட்டுத் தூரம் பார்த்துவிட்டு, அப்புறம்தான் சலாமோ வணக்கமோ சொல்வார். அதற்குள் அந்த ஆள் பாதித் தெரு போயிருப்பார்.

மாடுகளுக்கும் குதிரைகளுக்கும் லாடம் அடிப்பது அவர் தொழில். காளவாசலில் சுண்ணாம்புச் சூளைகளைத் தாண்டி ஒரு புளியமரம் நின்றது. அதனடியில் அவருடைய சுத்தியல், அரம், ஆணி டப்பா, சின்ன உலை எல்லாம் இருக்கும். வாடிப்பட்டிப் பக்கமிருந்து வருகிற வண்டிக்காரர்கள் மதுரைக்குள் நுழையுமுன் அங்கே நின்று மாட்டை அவிழ்ப்பார்கள். வீடு டவுனுக்குள், பள்ளிவாசலுக்குப் பின்புறச் சந்தில். என் அப்பா மதுரை ஸ்டேஷனில் குதிரை வண்டி ஓட்டினார். எங்கள் குதிரைக்கு லாடம் தேயும்போதெல்லாம் நானும் கூடப் போவேன். அப்பா அவரை பாய் என்பார். அவர் அப்பாவை அண்ணே என்பார். என்னை மாப்ள என்றும் நான் அவரை மாமா என்றும் கூப்பிடுவது எப்போது தொடங்கியது என்று தெரியவில்லை. ஊருக்கு அவர் புலி பாய். அதன் காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

ஒரு நாள் எங்கள் குதிரை நொண்டியது. எந்தக் கால் என்று அப்பாவுக்கே பிடிபடவில்லை. நாலு குளம்பையும் தட்டிப் பார்த்தும் அது சும்மா நின்றது. மாமா அதன் கிட்டேயே வரவில்லை.

"வண்டிய அவுத்துட்டு ரோட்டுல நடத்துங்கண்ணே" என்றார்.

அப்பா நடத்தினார். மாமா புழுதி ரோட்டில் மல்லாந்து படுத்துக் கண்ணை மூடிக்கொண்டார். வண்டிக்காரர்கள் சிரித்தார்கள். "பாய்க்குத் தூக்கம் வந்துருச்சுடோய்" என்றான் ஒருவன். குதிரை அவர் தலைமாட்டைத் தாண்டிப் போய்த் திரும்பி வந்தது.

"மூணு கால் சத்தந்தான் கேக்குது. பின்னாடி இடது காலு தரையத் தொடுது, ஆனா மிதிக்கல" என்று எழுந்து முதுகைத் தட்டிக்கொண்டார். அந்தக் குளம்பைச் சீவியபோது உள்ளே கருப்பாக ஒரு முள் முனை இருந்தது.

மனிதர்களிடமும் அதே வேலைதான். நான் ஹைஸ்கூலில் படித்த காலத்தில் வைகை மணலில் ஒரு கதர்க் கூட்டம் நடந்தது. அவர் காலில் செருப்பில்லாமல் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். கதர்ச் சட்டையும் குல்லாயுமாக ஒருவர் வந்து முன்வரிசையில் இடம் பிடித்தார். இவர் என் காதில் சொன்னார்: "மாப்ள, அந்த ஆளு போலீஸ்காரரு. போட்டுருக்குறது செருப்பு. ஆனா காலு பூட்ஸைத் தூக்கித் தூக்கி வைக்குது பாரு." கூட்டம் முடிந்ததும் பேசியவரைக் கைது செய்யக் கையை உயர்த்தி ஆள் கூப்பிட்டவர் அந்தக் குல்லாய்க்காரர்தான். அன்றிலிருந்து மாமா முன்னால் நடக்கும்போதெல்லாம் சட்டைப் பொத்தான் சரியாக இருக்கிறதா என்று பார்ப்பதுபோல் என் காலை நானே பார்த்துக்கொண்டேன்.

புலிக்கு வருகிறேன்.

மொகரம் பண்டிகைக்கு அவர் புலி வேஷம் கட்டுவார். அவருடைய தாயார் அவர் குழந்தையாயிருந்தபோது கண்ட காய்ச்சலில் வைத்த வேண்டுதல் என்பார்கள். பள்ளிவாசல் பெரியவர் ஒருவர் வருஷாவருஷம் கூப்பிட்டு, "இது நம்ம மார்க்கத்துல இல்லப்பா, விட்டுரு" என்பார். இவர், "இன்ஷா அல்லாஹ், அடுத்த வருஷம்" என்பார். உடம்பு முழுக்க மஞ்சள் பூசி, கருப்புக் கோடு இழுத்து, வர்ணம் காய்கிறவரை உட்காராமல் காலை முழுவதும் கையை விரித்துக்கொண்டு நிற்பார். பிறகு தம்பட்டம் முழங்க வீதிக்கு வருவார். பாய்வார், உருளுவார், வாலைப் பிடித்திருப்பவனை இழுத்துக்கொண்டு ஜனத்துக்குள் புகுவார். பெண்கள் பயந்த பிள்ளைகளைத் தூக்கி வந்து அவர் கை படும்படி காட்டுவார்கள். அந்தக் கை பட்டால் பயம் தெளியும் என்று எல்லா வீட்டாரும் நம்பினார்கள். என்னையும் அப்படித் தூக்கிக்கொண்டு போனார்களாம்.

ஒரு வருஷம், கம்பத்துப் பக்கம் ஏலக்காய்த் தோட்டத்தில் காவல் வேலை பார்த்த ஒருவர் கூட்டத்தில் நின்றிருந்தார். ஆட்டமெல்லாம் முடிந்ததும் சாவகாசமாகச் சொன்னார்: "நல்லாருக்கு பாய். ஆனா இது புலி இல்ல. பூனை. நல்ல பெரிய பூனை."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். இவர் சிரிக்கவில்லை. "பின்ன புலி எப்படிண்ணே நடக்கும்?"

"அத நின்னு பாத்தவன் எவன் இருக்கான்? நான் ஓடுனேன்ல."

அதற்கும் சிரிப்பு. இவர் முகத்தில் வர்ணம் இருந்ததால் என்ன நினைத்தார் என்று யாருக்கும் தெரியவில்லை. மறுநாள் புளியமரத்தடியில் அப்பாவிடம் சொன்னார்: "அண்ணே, அவர் சொன்னது நெசம். சின்ன வயசுலேருந்து நான் பூனையப் பாத்துத்தான் பழகுனேன். புலிய நான் எங்க பாத்தேன்? ஒரு தடவ, ஒரே ஒரு தடவ, அது நடக்குறதப் பாக்கணும். பாக்காம இனி வர்ணம் பூசுனா அது பொய்."

ஊரார் நடையில் பொய்யைக் கண்டுபிடித்துச் சொல்கிறவர், தன் நடையிலேயே இத்தனை வருஷமாகப் பொய் இருந்ததைத் தாங்க முடியாமல் போனார். அடுத்த இரண்டு மொகரத்துக்கும் அவர் வேஷம் கட்டவில்லை. கேட்டவர்களிடம் இடுப்பு வலி என்றார்.

அந்தச் சமயத்தில்தான் எனக்கு உபகாரச் சம்பளம் கிடைத்துச் சென்னையில் காலேஜில் சேர்ந்தேன். எங்கள் வம்சத்தில் எழுத்துக் கூட்டிப் படித்தவன் நான்தான் முதல். அப்பா அதைச் சவாரி ஏறுகிறவர்களிடமெல்லாம் சொன்னார். சென்னைக்கு ஒரு தடவை போய் வந்தவர் யாரோ மாமாவிடம் ஒரு விஷயம் சொல்லியிருந்தார். பட்டணத்தில் மிருகக்காட்சி சாலைக்கு உயிர்க் காலேஜ் என்றும், பாடம் பண்ணின மிருகங்களை வைத்திருக்கிற மியூசியத்துக்குச் செத்த காலேஜ் என்றும் பெயர். முதல் விடுமுறையில் நான் ஊருக்கு வந்ததும் கேட்டார்:

"மாப்ள, நீ எந்தக் காலேஜு? உயிரா, செத்ததா?"

நான் சிரித்துவிட்டு உயிர்க் காலேஜைப் பற்றிச் சொன்னேன். வகுப்புத் தோழர்களோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை போயிருந்தேன். புலி இருக்கிறது என்றேன். அவர் சுத்தியலைக் கீழே வைத்தார்.

"நடந்துச்சா?"

"கூண்டுக்குள்ள இங்கயும் அங்கயும் நடந்துக்கிட்டே இருந்துச்சு மாமா."

"பின்னங்கால் எங்க விழுகுது? முன்னங்கால் வச்ச தடத்துலயா, தள்ளியா?"

எனக்குத் தெரியவில்லை.

"தோள் ஏறுதா? தலை மேல நிக்குதா, தொங்குதா? திரும்பும்போது எது முதல்ல திரும்புது?"

"கவனிக்கல மாமா."

"அம்புட்டுக் கிட்ட நின்னு என்னத்த மாப்ள பாத்த?"

உண்மையைச் சொன்னால், அன்றைக்கு நான் தோழர்களின் பூட்ஸுகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர்கள் சிரித்தபோது சிரிக்க வேண்டுமே என்ற கவலையில் இருந்தேன். அதை எப்படிச் சொல்வது?

"நான் வாரேன் மாப்ள. கூட்டிட்டுப் போய்க் காட்டு. ஒரு நாள் போதும்" என்றார்.

"அடுத்த லீவு முடிஞ்சு போறப்ப போலாம் மாமா" என்றேன்.

அடுத்த விடுமுறையும் வந்தது. நான் வேறு காரணம் சொன்னேன். அதற்கடுத்ததற்கும் ஒன்று இருந்தது. திருவல்லிக்கேணியில் என் அறைத் தோழர்களிடம் என் தகப்பனார் போக்குவரத்துத் தொழிலில் இருக்கிறார் என்று சொல்லி வைத்திருந்தேன். அவர்கள் ஏதோ பஸ் கம்பெனி என்று எண்ணிக்கொண்டார்கள். கைலியும், உலைப் பொறி பட்டுத் தழும்பேறிய கையுமாக இவர் என் அறைக்கு வந்து, "அண்ணே வண்டிக் குதிரைக்கு நான்தான் லாடம்" என்று ஆரம்பித்தால் என்ன ஆகும்? அதை நினைத்தே இரண்டு வருஷம் ஓட்டினேன்.

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. ஒரே ஒரு தடவை, நான் சொல்லிக்கொண்டு கிளம்பும்போது பின்னாலிருந்து சொன்னார்: "நடை மாறிருச்சு மாப்ள. குதிகால் தரையில படல."

பூட்ஸ் புதிது என்றேன். சரி என்றார்.

பிறகு யுத்தம் பர்மாவுக்கு வந்தது. சென்னையில் குண்டு விழும் என்ற பேச்சு ஒரு வாரத்தில் ஊரையே கிளப்பிவிட்டது. காலேஜை மூடினார்கள். நானும் கையில் கிடைத்த துணியை எடுத்துக்கொண்டு ரயிலில் தொங்கியபடி மதுரை வந்து சேர்ந்தேன். வந்து இறங்கிய பிறகுதான் நினைவு வந்தது. என் டிரங்குப் பெட்டி அறையில் இருக்கிறது. அதற்குள் எஸ்.எஸ்.எல்.சி. புத்தகம், காலேஜ் சர்டிபிகேட் எல்லாம். எங்கள் வீட்டில் அந்தக் காகிதங்களைத் தவிர நான் படித்ததற்கு வேறு அத்தாட்சி கிடையாது. சித்திரை மாதம். அழகர் திருவிழாவுக்கு ஊர் திமிலோகப்படுகிற நேரத்தில் நான் திரும்பச் சென்னைக்குப் புறப்பட்டேன்.

விஷயம் மாமா காதுக்கு எட்டி, ஒரு துணி மூட்டையோடு ஸ்டேஷனில் வந்து நின்றார்.

"மாமா, ஊரே அங்கேருந்து ஓடி வருது. குண்டு போடப் போறான்றாங்க."

"ஊரு ஓடுதுன்னா கூட்டம் இருக்காதுல்ல மாப்ள. நின்னு பாக்கலாம். ஒனக்கும் தெரிஞ்சவுக யாரும் இருக்க மாட்டாக."

கடைசி வாக்கியத்தை எந்தக் குத்தலும் இல்லாமல் சொன்னார். எனக்கு முகம் சுட்டது.

எதிர்த் திசையில் வந்த ரயில்களில் ஜன்னல் வழியாகத் தொட்டில் கட்டைகளும் குத்துவிளக்கும் நீட்டிக்கொண்டிருந்தன. எங்கள் பெட்டியில் நாங்கள் இரண்டு பேரும் ஒரு தபால்காரரும்தான். விழுப்புரத்தில் எதிர் வண்டியிலிருந்து ஒருவர் தலையை நீட்டி, "எங்கய்யா போறீங்க, அந்தப் பக்கம்?" என்று கத்தினார்.

"புலி பாக்க" என்றார் இவர். அந்த முகம் அப்படியே நகர்ந்து போனது.

என் அறைச் சாவி, வீட்டுக்காரரிடம் இருந்தது. அவர் சாந்தோமில் மாதா கோயிலை ஒட்டிய பள்ளிக்கூடத்தில் ஆசிரியர். எழும்பூரில் இறங்கி முதலில் அங்கேதான் போனோம். டிராமில் கண்டக்டரைத் தவிர ஆளில்லை. குண்டு போடுகிற விமானத்துக்கு வெளிச்சம் தெரியாமலிருக்கத் தெரு விளக்குகளின் முகத்தில் பாதிக் கருப்புப் பூசியிருந்தது. வீட்டுக்கு வீடு பூட்டு. இவர் அதையெல்லாம் பார்த்துவிட்டு, "நடக்க ஆளே இல்லையே மாப்ள" என்று கண் தெரியாதவர்போல் தடுமாறினார்.

ஆசிரியர் கோயிலுக்குள் இருப்பதாகச் சொன்னார்கள். வெள்ளையாக வானத்தில் ஏறுகிற அந்தக் கோபுரத்தை நான் அண்ணாந்து பார்த்தேன். இவர் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய்ச் சுவரோரமாக நின்றார். ஏசுநாதரின் சீடர் ஒருவருடைய கல்லறை அங்கே இருப்பதாகச் சொன்னேன். மூன்று கிழவிகள் வாசலிலிருந்து பீடம் வரை முழங்காலிலேயே நடந்து போய்க்கொண்டிருந்தார்கள். இவர் வெகு நேரம் அவர்களையே பார்த்தார்.

"வேண்டுதல் போல" என்றார். "முட்டி தேஞ்சுருக்கும். பாவம், சரியாத்தான் நடக்குறாக."

சாவி கிடைத்தது. வெளியே வந்ததும் கடல். அவர் கடலைப் பார்த்தது அன்றுதான் முதல் தடவை. அலை காலைத் தொடுகிற இடம் வரை போய் நின்றார்.

"இது என்ன மாப்ள, நின்ன எடத்துலயே நடக்குது" என்றார்.

கரையோரமாகவே நடந்து மீன் காட்சிசாலை வரை போனோம். அதற்கும் பூட்டு. மணலில் பதுங்கு குழி வெட்டிப் போட்டிருந்தார்கள். அறைக்குப் போய்ப் பெட்டியைத் திறந்து சர்டிபிகேட்டுகளை எண்ணிப் பார்த்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. அவர் அவசரப்படுத்தவே இல்லை. வாசற்படியில் நின்று, முகம் கழுவி, தலைக்கு எண்ணெய் தடவிச் சீவிக்கொண்டார். பெண் பார்க்கப் போகிறவர் மாதிரி ஒரு புதுச் சட்டையைப் போட்டுக்கொண்டார்.

பெட்டியைத் தூக்கிக்கொண்டே டிராம் ஏறி உயிர்க் காலேஜுக்குப் போய்ச் சேர்ந்தபோது பிற்பகல். கேட்டில் டிக்கெட் கேட்க யாருமில்லை. உள்ளே கிளிகள் மட்டும் காட்டுக் கத்தல் கத்தின. மான் பட்டியில் மான் இல்லை. வாடை மட்டும் அப்படியே இருந்தது. இவர் மூக்கை விரித்து அதை இழுத்தார். அந்த நிமிஷத்தில் அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தை நான் மறந்தால் நல்லது.

புலிக் கூண்டின் கதவு திறந்திருந்தது. உள்ளே காக்கி நிஜாரோடு ஒரு ஆள் துடைப்பத்தால் தரையைக் கழுவிக்கொண்டிருந்தார். பினாயில் நெடி.

"இன்னா பாக்க வந்தீங்க?"

"புலி" என்றார் இவர்.

"எந்த ஊரு?"

"மதுரை."

"மதுரைலேருந்து புலி பாக்க வந்தீங்களா? ஊரே மூட்டை கட்டிக்கினு ஓடுது."

"கூட்டம் இல்லாதப்ப பாக்கலாம்னுதான்."

"கூட்டமும் இல்ல, புலியும் இல்ல" என்று அவர் துடைப்பத்தை நிறுத்தினார். "சுட்டுட்டாங்க. புலி, சிங்கம், சிறுத்தை, கரடி, அல்லாத்தையும். எட்டு நாளாவுது."

எனக்கு அது காதில் விழுந்தது, உள்ளே போகவில்லை. அப்படியானால் இன்னொரு விடுமுறையில் வரலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். அப்படி நினைத்தது நன்றாக ஞாபகம் இருக்கிறது. பேப்பரில் இது வந்திருந்ததோ என்னவோ. அந்த நாட்களில் நான் பர்மாவைத் தவிர எதையும் படிக்கவில்லை.

"ஏன்?" என்றேன்.

"குண்டு வுழுந்து கூண்டு ஒடைஞ்சா வெளில வந்து ஜனத்தக் கடிச்சிடும்னு மேல்லேருந்து உத்தரவு. ஜனம் எங்க கீது, கடிக்க?" அவர் எங்களைப் பார்க்காமல் தரையைப் பார்த்தே பேசினார். "துப்பாக்கிக்காரங்க வந்து நின்னப்போ அது பின்னால மூலையில படுத்துக்கினு இருந்துச்சு. அங்கேருந்து சுட்டா சரியா படாதுன்னாங்க. பதினோரு வருசமா நான்தான் கறி போடுவேன். என்னியக் கூப்புடச் சொன்னாங்க. 'ராஜா'ன்னு கூப்டேன். கறி டைமுன்னு நெனச்சுக்கினு வந்துச்சு."

பெட்டியின் கைப்பிடி என் விரல்களில் அழுத்திக்கொண்டிருந்தது. கீழே வைக்கத் தோன்றவில்லை. இரண்டு வருஷம். நான்கு விடுமுறை. ஒவ்வொன்றுக்கும் நான் சொன்ன காரணம் வரிசையாக நினைவுக்கு வந்தது. இவர் அழுவார், அல்லது என்னைத் திட்டுவார், எதுவானாலும் வாங்கிக்கொள்வோம் என்று நின்றேன்.

இவர் கேட்டது வேறு.

"எப்படிண்ணே வந்துச்சு?"

"இன்னாது?"

"நீங்க கூப்புட்டப்ப. எந்திரிச்சு எப்படி நடந்து வந்துச்சு? எந்தக் கால மொதல்ல எடுத்து வச்சுச்சு?"

அந்தக் கேள்வி என்னை அறைந்ததுபோல் இருந்தது. சாவு வீட்டில் போய், போனவர் எந்தச் சட்டை போட்டிருந்தார் என்று கேட்பதுபோல். "மாமா, போதும், வாங்க போலாம்" என்று கையைப் பிடித்தேன்.

"இரு மாப்ள. இவரு மறந்துட்டா இத யாரு சொல்லுவா?"

கூண்டுக்காரர் இவரைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார். பைத்தியமா என்று பார்த்தாரோ, என்னவோ. பிறகு துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு நிஜாரை மேலே இழுத்துவிட்டுக்கொண்டார். தலையைத் தொங்கப் போட்டார். நடந்தார்.

ஐம்பது வயது மனிதர், வயிறு சரிந்தவர். ஆனால் தோள் இரண்டும் மாறி மாறி ஏறி இறங்கின. தலை அசையவே இல்லை. உடம்பின் பாரம் எல்லாம் ஒரு காலிலிருந்து மற்றொரு காலுக்குத் தண்ணீர் ஊற்றுவதுபோல் போனது. சுவர் வரை போனதும் தலை முதலில் திரும்பியது. உடம்பு பின்னால் வந்தது. திரும்ப நடந்தார். மறுபடி.

"ஒம்போது எட்டு" என்றார் திரும்பிக்கொண்டே. "அதுக்கு மேல எடம் கெடையாது. தெனம் இப்டித்தான், காலைலேருந்து. தரையப் பாருங்க, தேஞ்சுக்கீது."

இவர் கூண்டுக்குள் போனார். மண்டியிட்டார். சிமெண்டுத் தரையில் ஒரு கோடு வழவழப்பாகப் பள்ளம் விழுந்திருந்தது. குளம்பைத் தடவுகிற அதே விரல்களால் அதைத் தடவிக்கொண்டே போனார். ஒன்பதாவது எட்டு விழுகிற இடத்தில் பள்ளம் அகலமாக இருந்தது. அங்கே உள்ளங்கையை வைத்துக் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தார். ஈரத்தில் அவர் புதுச் சட்டை நனைந்தது.

"அன்னைக்குக் கூப்புட்ட மாதிரி என்னை ஒரு தடவ கூப்புடுறீங்களா?" என்றார், எழாமல்.

கூண்டுக்காரர் தலையை ஆட்டினார். "அது ஆவாதுங்க. கேக்காதீங்க" என்று துடைப்பத்தை எடுத்துக்கொண்டார்.

திரும்பி வந்த ரயிலில் உட்கார இடமில்லை. என் பெட்டி மேல் அவரை உட்கார வைத்தேன். கூட்ட நெரிசலில் மதுரை வரை அவர் விரல்கள் தொடையின் மேல் நடந்துகொண்டிருந்தன. ஒன்பது தடவை ஊன்றும். திரும்பும்.

அடுத்த மொகரம் தையில் வந்தது. எனக்கு ஊரிலேயே ஒரு பள்ளிக்கூடத்தில் தற்காலிக வேலை கிடைத்திருந்தது. பண்டிகைக்கு இரண்டு நாள் முன்னால் வீட்டுக்கு வந்தார்.

"வர்ணம் பூசுறேன் மாப்ள. நீ முன்னாடி நில்லு. நான் ஒன்பதாவது எட்டுல நின்னு ஒன்னையப் பாப்பேன். கூப்புடணும். அந்தக் கூண்டுக்காரரு கூப்புட்ட பேரச் சொல்லி."

சரி என்றேன். சரி என்று சொல்வதில் எனக்குப் பழக்கம் உண்டு.

மூன்று வருஷம் கழித்துப் புலி பாய் வருகிறார் என்று தெரு கொள்ளாத ஜனம். தம்பட்டம் முழங்கியது. அவர் வந்தார், பாயவில்லை. வால் பிடிக்கிறவனை வேண்டாமென்று விலக்கிவிட்டார். தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நடந்தார். ஒன்பது எட்டு. தலை திரும்பியது, உடம்பு பின்னால் வந்தது. ஒன்பது எட்டு.

"என்ன பாய், புலிக்கு வயித்து வலியா?" என்றான் ஒருவன். "நோன்பு வச்ச புலிடா" என்றான் இன்னொருவன். சிரித்தார்கள். கொட்டுக்காரர்கள் வேகத்தைக் கூட்டினார்கள். அவர் நடை கூடவில்லை. பத்துத் தடவை, இருபது தடவை. கொட்டு தடுமாறி, குறைந்து, நின்றுபோனது. பிறகு வெறுங்காலின் சத்தம்தான். தெருவின் நடுவே, கம்பி ஒன்றும் இல்லாத இடத்தில், ஜனம் தானாகவே பின்னுக்கு நகர்ந்து அவருக்கு ஒரு கூண்டு செய்து கொடுத்தது. பிள்ளையைத் தூக்கி வந்திருந்த ஒரு பெண் அதை மார்போடு அணைத்துக்கொண்டு திரும்பிப் போய்விட்டாள்.

ஒன்பதாவது எட்டில் நின்று என்னைப் பார்த்தார். என் பக்கத்தில் பள்ளிக்கூடத்து வாத்தியார்கள் இரண்டு பேர் நின்றிருந்தார்கள். என் வாய் திறக்கவில்லை. அவர் திரும்பி நடந்தார். வந்தார், நின்றார், பார்த்தார். திரும்பவும் நடந்தார். மூன்றாவது தடவை அந்தக் கண்ணில் கேள்விகூட இல்லை.

"ராஜா" என்றேன். எனக்கே கேட்காத குரல்தான். "ராஜா, வா."

அவருக்குக் கேட்டது. தலை நிமிர்ந்தது. அதுவரை இல்லாத ஒரு லேசு அந்தத் தோளில் வந்தது. சாப்பிடக் கூப்பிட்டால் வருகிற நடை அது, அவ்வளவு நம்பிக்கையான நடை. என்னை நோக்கி நேராக வந்து, என் கைக்கு ஒரு முழம் இருக்கும்போது நெஞ்சில் யாரோ தள்ளியதுபோல் பின்னுக்குப் போய் விழுந்தார்.

யாரும் கை தட்டவில்லை. மயக்கம் என்று நினைத்து என் அப்பாதான் பானகச் செம்போடு ஓடி வந்தார். "பாய், பாய், என்ன செய்யுது?" என்று கையைப் பிடித்து உட்கார வைத்தார். கம்பத்துத் தோட்டக் காவல்காரர் எங்காவது நிற்கிறாரா என்று நான் கூட்டத்தில் தேடினேன். அந்த வருஷம் அவர் வரவில்லை.

இவர் பானகத்தைக் குடித்தார். உதட்டு வர்ணம் கரைந்து செம்பில் ஒட்டியது. மூச்சு வாங்க என்னை நிமிர்ந்து பார்த்தார். முகத்தைத்தான் பார்த்தார்.

"சரியா வந்துச்சா மாப்ள?"

அந்தத் தெருவில் அந்தப் புலியை உயிரோடு பார்த்தவன் நான் ஒருவன்தான். அது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

"அச்சு அசலா அதே நடை மாமா" என்றேன்.

அவர் தலையாட்டினார். நான் வாத்தியார்கள் நின்ற பக்கம் திரும்பி நடந்தேன். பத்து எட்டு இருக்கும். முதுகுக்குப் பின்னால் அவர் என் காலைப் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று தெரிந்தது. குதிகாலைத் தரையில் நன்றாக ஊன்றி வைக்கப் பார்த்தேன். அது பதியவில்லை.